நாலாஞ் சங்கு

ஏனுங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க. நீங்க காதுல மாட்டியிருக்கறதுல சத்தம் வெளிய கசியுதுங்க. அது மூணாவது பாட்டுதானுங்களே? 'நாலாஞ் சங்கு' ஆல்பத்துல மூணாவது. பாத்தீங்களா, நான் சொல்லல? இந்த பஸ்ஸு கண்ணாடி கடகடன்னு ஆடுற ஆட்டத்துலயும் ரெண்டு வரி கேட்டாப் போதுமுங்க எனக்கு. சித்த அக்கட்டால தள்ளிக்கறீங்களா, இந்தக் கை கட்டுப் போட்டிருக்குது, இடிச்சா உசுரு போவுது.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? வெள்ளச் சட்டை, வெள்ள வேட்டி, அம்பத்திரண்டு வயசு ஆளு ராப் பாட்டுப் பத்திப் பேசறானேன்னா? எல்லாரும் அப்படித்தானுங்க பாக்கறாங்க. எம் பொண்ணே சிரிச்சா. ஆனா அந்த எட்டுப் பாட்டையும் என்னாட்ட கேட்டவன் இந்தக் கோயமுத்தூருல இன்னொருத்தன் இருந்தா கூட்டிட்டு வாங்க, நான் கால்ல விழுந்து கும்புடறேன்.

எம் பேரு சென்னியப்பனுங்க. சோலி என்னன்னா, வூடு காலி பண்ணித் தர்றது. குடி வந்துட்டு எந்திரிக்க மாட்டேங்கறவங்க, கேசு நடக்குதுன்னு உக்காந்திருக்கறவங்க, மூணு தலைமொறையா இங்கதான் இருக்கறோம்னு சட்டம் பேசறவங்க. ஓனருங்க எங்கிட்டச் சொல்லுவாங்க. ரெண்டு பசங்களக் கூட்டிட்டுப் போவேன். மொதல்ல கதவக் கழட்டறது. கதவில்லாத வூட்டுல பொண்டு புள்ளைகள வெச்சுட்டு எத்தன நேரம் இருப்பாங்க, நீங்களே சொல்லுங்க. அதுக்கும் மேல ஓரியாட்டம் பண்ணுனா அப்பறந்தான் கை.

ஆனா எனக்குன்னு ஒரு மொறை இருக்குங்க. எடுத்த எடுப்புல கை வெக்கவே மாட்டேன். வாசல்ல செருப்பக் கழட்டி உட்டுட்டு, அம்மிணி, சித்த தண்ணி இருந்தாக் குடுங்கன்னு கேப்பேன். குடுத்துருவாங்க. நம்மூருல தண்ணி கேட்டா யாருங்க இல்லைம்பாங்க? அத முழுசாக் குடிச்சு, டம்ளர நானே கழுவிக் கவுத்து வெச்சிட்டு, அப்பறந்தான் வேலை. தண்ணி குடுக்காத வூட்டுல இன்னைக்கு வரைக்கும் கை வெச்சதில்லீங்க. ஒரே ஒருக்கா சௌரிபாளையத்துல ஒரு டீச்சரம்மா மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னுட்டாங்க. திரும்பி வந்துட்டேன். ஓனரு கண்டபடி பேசுனாரு, வேற ஆள வெச்சு முடிச்சுக்கிட்டாரு. என்ன பண்றதுங்க, தண்ணி உள்ள போனாத்தான் எனக்குக் கை எந்திரிக்கும். அது ஏன்னு எனக்கே தெரியாது.

இந்த ஆல்பம் எங்கிட்ட வந்ததே ஒரு சோலியிலதானுங்க. பீளமேட்டுல ஒரு ரூமு, காலேஜு முடிச்ச பசங்க நாலு பேரு. தண்ணி வாங்கிக் குடிச்சாச்சு. கதவும் கழட்டியாச்சு. ஒருத்தன் மட்டும் காதுல பெருசா ஹெட்போனு மாட்டிட்டு, நான் பேசறது கேக்காதவனாட்டச் செவுத்தப் பாத்துட்டு உக்காந்திருக்கறான். எனக்குச் சுர்ருனு ஏறுச்சு. ஒரு அப்பு அப்பி அதப் புடுங்கி, ஒடைக்கலாம்னு கையில எடுத்தனுங்க. உள்ளுக்குள்ள மில்லுச் சங்கு ஊதுது.

சங்குன்னா உங்களுக்குத் தெரியுமில்லீங்க? மில்லுல சிப்டு மாறறதுக்கு ஊதற சங்கு. இருவது வருசமாச்சு அந்தச் சத்தங் கேட்டு. எங்கப்பாரு சங்கு ஊதுனா கையில இருக்கற சோத்த அப்படியே வெச்சுட்டு ஓடுவாரு. காதுல வெச்சுப் பாத்தேன். சங்கு முடியற எடத்துல அந்த இழுவையையே அறுத்து அறுத்துத் தாளமாப் போட்டிருக்கறான். அதுக்கு மேல ஒரு பையன் பேச ஆரம்பிக்கறான். பாடலீங்க, பேசறான், மூச்சே உடாம. நான் அப்படியே அவனுக சூட்கேசு மேல உக்காந்துட்டேன். எட்டுப் பாட்டு, முப்பத்தெட்டு நிமிசம். எம் பசங்க ரெண்டு பேரும் பேந்தப் பேந்த முழிச்சுட்டு நிக்கறாங்க, அந்த நாலு பேரும் முழிச்சுட்டு நிக்கறாங்க. கேட்டு முடிச்சுட்டுத்தான் அவனுகள வெளிய தாட்டுனேன். ஹெட்போன நானே வெச்சுக்கிட்டேன்.

கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நான் சொல்றேன், எனக்குச் சொல்லோணும். நூத்தறுவது வருசங்கழிச்சு நடக்குது. பூமி வேகாத வெயில்ல வெந்து போச்சு. பெரிய மொதலாளிங்கெல்லாம் ஒண்ணு சேந்து வானத்துல ஒரு மில்லு கட்டித் தொங்க உட்டிருக்கறாங்க. அங்க நூக்கறது என்னன்னா, ஒரு கயிறு. வானத்துல இருந்து பூமி வரைக்கும் எறங்கற கயிறு. கயிறு முடிஞ்சா எல்லாரும் அதப் புடிச்சு எறங்கி ஊருக்குப் போயிரலாம்னு சொல்லிச் சொல்லியே நாலு தலைமொறை வேலை வாங்கறாங்க. மூணு சிப்டு, மூணு சங்கு. வேலைக்காரங்க குடியிருக்கற லைன் வூடுக வரிசையா அந்த வானத்து மில்லுக்குள்ளயே. கயிறு முடிஞ்சுது. முடிஞ்ச அன்னைக்கு நாலாவதா ஒரு சங்கு ஊதுது. சிப்டு மூணுதான, நாலாஞ் சங்கு எதுக்குன்னு சனங்க வாசல்ல வந்து நிக்கறாங்க. அப்பத்தான் அந்த மிசினு வருது. பேரு எட்டு. ஒவ்வொரு வூடாக் கதவக் கழட்டுது. அங்க கதவு போனா என்னாகும், காத்தே இல்லீங்களே. கதவு போனா மனுசன் போயிருவான்.

அதுலதான் தம்பி அந்தப் பாட்டுக் கட்டுன பையன் ஒரு வேலை பண்ணியிருக்கறான். நெனச்சா இன்னும் ஒடம்பு சிலுக்குது. அந்த எட்டு, கதவக் கழட்டறதுக்கு முன்னாடி தண்ணி கேக்குதுங்க. மிசினு. அதுக்குத் தண்ணி எதுக்குங்க? குடிச்சா கெட்டுப் போயிராதா? ஆனா வாசல்ல நின்னு மரியாதையாக் கேக்குது. அத எப்படி அவன் யோசிச்சான்னே எனக்குப் புரியலீங்க. எந்தக் காலேஜுல சொல்லித் தர்றாங்க இதையெல்லாம்?

அந்தக் கொரலு வேற. எட்டோட கொரலு. நம்மூர்ப் பேச்சு, சுத்தமான பேச்சு, தகரத்துக்குள்ள இருந்து வர்றாப்புல கொஞ்சம் மாத்தி உட்டிருக்கறாங்க. யாரோ நல்ல ஆளப் புடிச்சுப் பேச வெச்சிருக்கறாங்க. எங்கியோ கேட்ட கொரலாட்டவே இருக்கும், புடிபடாது. எங்க பக்கத்து நாடகக்காரரு எவராச்சும் இருக்குமுன்னு நெனச்சுக்குவேன். ஆறுச்சாமின்னு எங்கிட்ட ஒருத்தன் இருந்தானுங்க, பதினோரு வருசம் எங்கூட வந்தவன். ஒருநா வண்டியில போயிட்டிருக்கறப்ப இதப் போட்டேன். கேட்டுட்டு, அண்ணா, அந்த எட்டு அச்சு அசல் உங்களாட்டவே பேசுதுங்கண்ணான்னு சிரிச்சான். வண்டிய ஓரங்கட்டி நிறுத்தச் சொல்லி, எறக்கி வெச்சு ஒண்ணு உட்டேன். முன்னாடிப் பல்லு ரெண்டு போச்சு. அதுல இருந்து வேலைக்கு வர்றதில்ல. ரசன இல்லாத பயலுகளோட என்னத்தப் பேசறது, சொல்லுங்க.

இப்ப நீங்க கேட்டீங்களே மூணாவது பாட்டு, அதுல கிறீச்சு கிறீச்சுன்னு ஒரு சத்தம் தாளத்துக்குப் போவுதில்லீங்க? எல்லாரும் அத ஏதோ கம்ப்யூட்டருல பண்ணுனதுன்னு நெனச்சுக்கறாங்க. இல்லீங்க. அது தேக்குக் கதவு. மூணு கீலு. நடுக்கீலு துருப்புடிச்சிருக்குது, அத மட்டும் கடப்பாரையில நெம்பறாங்க. நானூறு கதவு கழட்டியிருக்கறேன், எனக்குத் தெரியாதா?

மில்லு லைன் வூட்டுக் கதவெல்லாம் அப்படித்தானுங்க இருக்கும். எட்டொம்பது வருசம் முன்னாடி ஒரு மூடுன மில்லு, பேரெல்லாம் வேண்டாங்க, அங்க லைன்ல நாப்பத்தாறு வூடு காலி பண்ணிக் குடுத்தேன். கடைசி வூட்டுல ஒரு ஆளு. நூலு அந்து போனா ஒட்டற வேலை பாத்தவராமா. சம்சாரம் வூட்டுல இல்ல. பதிமூணு பதினாலு வயசுல ஒரு பையன் எவர்சில்வர் டம்ளருல தண்ணி கொண்டாந்து குடுத்தான். குடிச்சேன். கதவுல கை வெச்சேன். அந்த ஆளு கதவு நெலவ, அந்த மரச் சட்டத்தப் புடிச்சுக்கிட்டு உட மாட்டேங்கறாரு. ஐயா உடுங்க, ஐயா உடுங்கன்னு மூணு தடவ மரியாதையாச் சொன்னனுங்க. உடலை. கடப்பாரைய வெரலு மேல போட்டேன். எலும்பு ஒடையற சத்தம் அப்படியொண்ணும் பெருசா இருக்காது தம்பி, காஞ்ச குச்சி மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். மறுக்காப் போட்டேன். அப்ப உட்டாரு. ரெண்டு வெரலு போயிருச்சுன்னு அப்பறம் சொன்னாங்க. பக்கத்து வூட்டுக்காரங்க செல்போன்ல படம் புடிச்சுட்டு நின்னாங்க. நான் அதையெல்லாம் கண்டுக்கறதில்ல. எம் வேலையில ஒளிவு மறைவு கெடையாது.

சரி அத உடுங்க. அஞ்சாவது பாட்டுக்கு வாரேன். அஞ்சாவது பாட்டக் கேட்டுட்டு அழுவாதவன் மனுசனே இல்லீங்க. அந்த வானத்து மில்லுல இருக்கற ஒரு பையனோட அப்பன், அவன் வெரலுதான் அந்தப் பாட்டு. கயிறுல எழை அந்து போற எடத்தையெல்லாம் ஒட்டுன வெரலு. எட்டு வந்து கதவு நெலவுல வெச்சே அத நசுக்குது. நாலு வெரலு, நாலுக்கும் தனித்தனியா ஒரு அடி பாடறான். சுண்டு வெரலு புள்ளைக்குக் காது கொடஞ்சுது, மோதர வெரலு அவ கையப் புடிச்சுதுன்னு போவும். அந்த எடத்துல நான் ஒவ்வொரு தடவையும் அழுதிருக்கறேன். எம் பொண்ணு பாத்துட்டு, ஏம்ப்பா, உங்களுக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேட்டா. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல கண்ணு, அந்த எட்டு மட்டும் எங்கையில கெடைக்கோணும், ஒரு நட்டு போல்ட்டு மிச்சம் வெக்க மாட்டேன்னு சொன்னேன். நெசமாத்தான் சொன்னேன். அப்படியொரு ஆத்திரமுங்க அதும் மேல.

எட்டாவது பாட்டு எங்க நிக்குதுன்னு தெரியுமில்லீங்க. எல்லா வூடும் காலி. நூலு மூட்டைக்குள்ள ஒளிஞ்சிருந்த பையன் மட்டும் மிச்சம். எட்டு அவன் வாசலுக்கு வருது. தண்ணி கேக்குது. பையன் டம்ளரக் கையில எடுக்கறான். சங்கு. அவ்வளவுதான், நின்னு போச்சு. குடுத்தானா, இல்லையா? குடுத்தா எட்டு என்ன பண்ணும்? ஒம்பதாவது பாட்டு நெட்டுல இல்லீங்க. அத ஒரே ஒருக்காத்தான் பாடுவேன், அதுவும் நேருலதான் பாடுவேன், வர்றவங்க கேட்டுக்கலாம்னு பாட்டுக் கட்டுன பையன் சொல்லிட்டான். கழிவுப்பஞ்சுன்னு பேரு வெச்சுக்கிட்டான் பாருங்க, மில்லுல கூட்டித் தள்ளற பஞ்சு. நெசப் பேரு தரணிதரனாமா. ஏழு மாசம் அந்த ஒம்பதாவது பாட்டுக்காகக் காத்திருந்தேன். சோலிக்குப் போனாலும் அதே நெனப்பு. டம்ளர வாங்கறப்பெல்லாம் அந்த எட்டாவது பாட்டுப் பையன் கை ஞாபகத்துக்கு வந்துரும்.

போன ஞாயித்துக்கெழம மத்தியானம், பல்லடத்துக்கு அக்கட்டால ஓடாமக் கெடக்கற ஒரு தறி ஷெட்டுலதான் அதப் பாடுனாங்க. போயிருந்தனுங்க. துவைச்ச சட்டை, சந்தனம், எல்லாம். எழுவது எம்பது பேரு இருப்பாங்க, எல்லாம் உங்க வயசுப் பசங்க. நான் மொத ஆளா முன்னாடி போயி நின்னுக்கிட்டேன். ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் அவன் கூடவே நானும் வாயசைக்கறேன். வார்த்த ஒண்ணு தப்பல. பசங்க என்னயப் படம் புடிச்சானுக. பையன் ஒல்லியா, வெளுத்துப் போயி இருந்தான். ஆறாவது பாட்டுல என்னயப் பாத்தான். பாத்தவன் அப்பறம் வேற பக்கமே பாக்கல. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு தம்பி. இத்தன பேருல நாந்தான் கேக்கறவன்னு அவனுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு நெனச்சேன்.

எட்டாவது பாட்டு முடிஞ்சுது. சங்கு நின்னுது. பையன் பின்னாடி போயி, ஒரு எவர்சில்வர் டம்ளருல தண்ணி எடுத்துட்டு மேடையில இருந்து எறங்கி எங்கிட்ட வந்தான். தண்ணி வேணுங்களாண்ணா, அப்படின்னான். எத்தன மரியாதை பாருங்க. நான் கேக்கவே இல்ல, அவனாக் குடுக்கறான். வாங்கி முழுசாக் குடிச்சேன். குடிச்சுட்டு டம்ளரக் கழுவறதுக்கு எடம் தேடறேன், அப்பத்தான் மைக்குல சொல்றான்:

"எல்லாரும் பாத்துக்குங்க. எட்டு வந்திருக்குது."

பொக்குனு போச்சு. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க, அத்தன செல்போனும் எம் மூஞ்சியில. என்னயப் பாத்து மிசினுங்கறான் தம்பி. எனக்கு பிபி இருக்குது, சுகர் இருக்குது, பொண்ணுக்கு வரன் பாத்துட்டிருக்கறேன். அவன் அப்பன் வெரலுக்கு எத்தன அழுவை அழுதிருப்பேன், மிசினு அழுவுமா? அதுவும் தப்புத் தப்பாச் சொல்றான். பாட்டுல நாலு வெரலு. மில்லு வூட்டுல போனது ரெண்டே ரெண்டு. கணக்கே ஒத்து வரல, அப்பறம் அது எப்படி நானாவேன்?

தண்ணி உள்ள போயிருந்துச்சு. கை எந்திரிச்சிருச்சு. மொத அடியிலயே தாடை எடம் மாறிருச்சுங்க, கையில தெரிஞ்சுது. கீழ உழுந்தவனுக்கு மறுக்கா ஒண்ணு. மைக்கு வாயிக்கிட்டயே இருந்துச்சு, அந்தச் சத்தம் ஷெட்டு முழுக்கக் கேட்டுது. வாயில இருந்து பல்லும் ரத்தமுமா மைக்கு மேல. பசங்க என்னயப் புடிச்சு இழுக்கறாங்க, நாலஞ்சு பேரத் தூக்கி வீசியிருப்பேன். அந்தக் களேபரத்துலயும் எனக்கு ஒண்ணு மட்டும் தோணுச்சு பாருங்க. அட கெரகமே, ஒம்பதாவது பாட்டு போச்சே.

அதுக்குத்தானுங்க இப்பப் பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். அவன் அங்கதான் இருக்கறான், தாடைய ஒயரு போட்டுக் கட்டியிருக்கறாங்களாமா, ஆறு வாரம் வாயத் தொறக்க முடியாதாமா. எங்க ஆளுக, கேசு குடுக்காம இருக்கச் சொல்லி ஒரு மெரட்டு மெரட்டிட்டு வாங்கண்ணாங்கறாங்க. கேசு கெடக்குது, அத உள்ள போயி இருந்து பாத்துக்கறேன். இங்க பாருங்க, நோட்டு வாங்கியிருக்கறேன், பேனா ரெண்டு. பேச முடியாட்டி எழுதட்டும். எட்டு என்னாச்சுன்னு எழுதுனாப் போதும். நாலு நாளாத் தூக்கமில்லீங்க. முன்னயெல்லாம் அதப் பையன் ஒடைக்கோணும், நொறுக்கோணும்னுதான் இருந்துச்சு. இப்ப அது சாவக்கூடாதுன்னு இருக்குது. யாரோ அனுப்புன எடத்துக்கு அது போச்சு, அது என்ன பண்ணும்? ஏன்னு கேக்காதீங்க. அழுவாச்சி வருது எனக்கு.

என்னுங்க தம்பி, மடியில என்ன, பிளாஸ்க்கா? கஞ்சியா? யாருக்கு? உறிஞ்சற குழாயெல்லாம் வெச்சிருக்கறீங்க.

ஓ.

நீங்களும் அங்கதான் போறீங்களா? அவனுக்குத்தானா? அப்ப சங்கு அறுத்துத் தாளம் போட்டது, அந்தக் கதவுச் சத்தமெல்லாம் சேத்தது நீங்கதானுங்களா? அட, மொதல்லயே சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு நின்னு பேசியிருப்பேனே. அந்தக் கீலுச் சத்தம் எங்க புடிச்சீங்க? என்னது? பக்கத்து வூட்டுக்காரங்க செல்போன்ல இருந்தா?

அதென்னுங்க, உங்க போன்ல செவப்பா ஒரு பொட்டு ஓடிட்டிருக்குது? எப்ப இருந்து ஓடுது? அத நிறுத்திட்டு எதையோ போடறீங்களே, குடுங்க, காதுல வெச்சுப் பாக்கறேன். நான் ஒண்ணும் பண்ண மாட்டேன், இந்தக் கையில என்னத்தப் பண்றது.

ஆங், எட்டு. எட்டோட கொரலுதானுங்க. தகரச் சத்தத்த எடுத்துட்டீங்க போல, சுத்தமாக் கேக்குது. இதுதான் ஒம்பதாவது பாட்டா? என்ன சொல்லுது... ஏனுங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க... சத்தம் வெளிய...

இது நான் இப்பச் சொன்னதாச்சே.

இந்தாங்க, எடுத்துக்குங்க, காதுல இருந்து எடுத்துட்டேன். நோட்டையும் நீங்களே கொண்டு போயிக் குடுங்க. எழுதுனா எழுதட்டும், எழுதாட்டிப் போவுது. ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்துருச்சு பாருங்க, நீங்க எறங்குங்க. நான் வரலீங்க. நான் இந்த பஸ்ஸுலயே உக்காந்துக்கறேன், எங்க போவுதோ போவட்டும். வாயெல்லாம் வறண்டு ஒட்டிப் போச்சு. சித்த தண்ணி இருந்தாக் குடுங்...

வேண்டாம். அந்தத் தண்ணிப் பாட்டில உள்ள வையுங்க தம்பி. மூடியத் தொறக்காதீங்க. அவங்கிட்டயும் சொல்லிருங்க, வாசல்ல வந்து எத்தன மரியாதையா நின்னாலும், நான் கேட்டாலும் குடுக்காதீங்க.